நாகமரை – பண்ணவாடி படகுப் போக்குவரத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தருமபுரிக் கரையில் நாகமரை, ஒட்டனூர். சேலம் கரையில் பண்ணவாடி, கோட்டையூர். இந்த ஊர்களுக்கு நடுவே ஓடும் படகுகளை எப்படிக் காப்பாற்றுவது, எப்படி நெடுங்காலம் நிலைக்க வைப்பது என்ற பேச்சு ஏரியூர், நெருப்பூர் பக்கம் புதிதல்ல. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பஸ் வசதி இருக்கும்போது படகு யாருக்கு வேண்டும்?

பஸ்ஸில் போனால் மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் என்று நீர்த்தேக்கத்தையே சுற்ற வேண்டும். படகில் ஏறினால் அக்கரை கண்ணெதிரே. இக்கரையில் பெண் எடுத்து அக்கரையில் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. சந்தைக்குப் போகிறவர், கூலி வேலைக்குப் போகிறவர், வண்டியையும் படகில் ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் இறங்கி ஓட்டுகிறவர் என்று எல்லோரும் இதில்தான் வருகிறார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்களுக்கும் கொளத்தூர், பாலாறு வழியைப் பிடிக்க இதுவே குறுக்கு வழி. பல பத்து கிலோமீட்டர் சுற்றுக்குப் பெட்ரோல் போட முடிந்தவருக்குப் படகு ஒரு சௌகரியம் மட்டும்தான். முடியாதவருக்கு வேறு வழி இல்லை.

அரசு ஏன் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்?

இந்தத் தண்ணீரை இங்கே தேக்கி வைத்தது அரசு என்பதால். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை இது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணைக்கு முன்பும் நடுவில் காவிரி ஓடியது உண்மைதான். ஆனால் அது ஆறு. கிராமங்களும் வயல்களும் கோயில்களும் முழுகி, இரு கரைகளும் விலகிப் போனது அணைக்குப் பிறகுதான். தஞ்சைக்கும் திருவாரூருக்கும் நாகைக்கும் பாசனம் தந்த அணையால் நம் கரை ஊர்களின் வழி அறுந்தது. அறுந்த வழியை ஒட்டித் தருவது சலுகை ஆகாது. ரயில் பாதை போட்டுச் சாலையை மறித்தால் கேட்டோ பாலமோ கட்டித் தருகிறார்கள் இல்லையா? அதே நியாயம்தான் இங்கும்.

படகு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? இதில் என்ன நெருக்கடி?

ஓடுகிறது. ஆனால் நாளை ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத நிலையில் ஓடுகிறது. இன்ஜின் பழுதானால் மாற்று இன்ஜின் இல்லை. படகு பழசானால் புதுப் படகுக்கென்று எங்கும் பணம் சேர்த்து வைக்கப்படுவதில்லை. இருட்டிவிட்டால் போக்குவரத்து நின்றுவிடும். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகுத்துறை இடம் மாறும். படகு ஓட்டும் தொழிலுக்கு இளைஞர்கள் வருவதும் குறைந்துவிட்டது. திருப்பூரிலோ பெங்களூரிலோ மாதச் சம்பளம் கிடைக்கும்போது ஏன் வருவார்கள்? இவை தனித்தனிப் பிரச்சினைகளாகத் தெரியும். வேர் ஒன்றுதான்: அடுத்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி யோசிக்க இதில் யாருக்கும் காரணம் இல்லை.

ஏன் யாருக்கும் காரணம் இல்லை?

படகுத்துறை ஏலம்தான் காரணம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததும் முக்கியமாக இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆற்றுத் துறைகளை அரசு அறிவித்து, கட்டணம் நிர்ணயித்து, குத்தகைக்கு விடும் முறை வெள்ளைக்காரன் காலத்தது. கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்குமான 1890-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் இது உண்டு. இன்றும் துறையை ஊராட்சி ஒன்றியம் ஏலம் விடுவதே வழக்கம். அதிகத் தொகை கேட்டவருக்குத் துறை. அவர் ஒன்றியத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பயணிகளிடம் வசூலித்து அதை மீட்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, துறை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,740 ரூபாய். ஆளுக்கு 20 ரூபாய் கட்டணம் என்றால், முதலில் ஏறும் 137 பேர் கொடுக்கும் காசு முழுக்க ஏலத்தொகைக்கே போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருகிற காசில்தான் டீசல், ஆள் கூலி, பழுது, குத்தகைதாரரின் குடும்பம் எல்லாம். இந்த நிலையில் அவர் என்ன செய்வார்? ஆள் சேரும்வரை படகை எடுக்க மாட்டார். கூட்ட நாளில் கூடுதலாக ஏற்றுவார். வண்டிக்கு, மூட்டைக்கு என்று தனியாக வாங்குவார். பழைய இன்ஜினையே ஒட்டுப்போட்டு ஓட்டுவார். அடுத்த ஏலத்தில் துறை கைக்கு வருமா என்றே தெரியாதபோது புதுப் படகில் யார் முதல் போடுவார்கள்?

இதில் குத்தகைதாரர் கெட்டவர், அதிகாரி கெட்டவர் என்று யாரையும் சொல்லவில்லை. முறை அப்படி. அரசு காசு கொடுத்துத் தாங்க வேண்டிய சேவையிலிருந்து அரசே காசு எடுக்கிறது. கரையில் கட்டணத் தகராறு வரும்போதெல்லாம் பயணியும் படகுக்காரரும் முகம் சிவந்து நிற்கிறார்கள். சண்டைக்குக் காரணமான ஏலத்தொகை அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை.

ஏலத்தை நிறுத்திவிட்டால் படகை யார் ஓட்டுவது?

இதே ஆட்கள்தான் ஓட்டுவார்கள். மாற வேண்டியது ஏலத்தின் திசை.

கட்டணத்தையும் நேரத்தையும் அரசு முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். காலை 6 மணிக்கு முதல் படகு, இத்தனை நிமிடத்துக்கு ஒன்று, ஆள் குறைவாக இருந்தாலும் நேரத்துக்கு எடுக்க வேண்டும், பள்ளி நேரத்தில் கட்டாயம் ஒரு நடை என்று எழுதி வைக்க வேண்டும். "இந்த நிபந்தனைகளோடு ஓட்ட, வசூல் போக உங்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று அதன் பிறகு கேட்க வேண்டும். குறைவாகக் கேட்பவருக்கு, உரிய தகுதியும் அனுபவமும் இருந்தால், ஒப்பந்தம். அதுவும் ஓராண்டுக்குப் போதாது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு. அப்போதுதான் வங்கியில் கடன் கேட்கவாவது முடியும். உள்ளூர்ப் படகோட்டிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் முன்னுரிமை தரலாம். தர வேண்டும் என்பது என் கருத்து.

நேரத்துக்கு எடுக்காத நடைக்குத் தொகையில் பிடித்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மானியத்தை வாங்கிக்கொண்டு படகைக் கட்டிப்போடும் ஆபத்து உண்டு. டோக்கனைக் கையால் கிழித்துக் கொடுப்பதை விட்டு, பஸ் கண்டக்டர் வைத்திருப்பது போன்ற டிக்கெட் மெஷின் வந்தால் கணக்கும் தெளிவாகும். எந்த நேரத்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதும் தெரியவரும். இன்று அந்தக் கணக்கை வைத்துத் திட்டம் போட ஆளில்லை.

ஒன்றியத்துக்கு வரும் வருமானம் போய்விடாதா?

போகும். அந்த இழப்பை மாநில அரசு ஈடு செய்ய வேண்டும். கிராமச் சாலையில் நடப்பவரிடம் ஒன்றியம் சுங்கம் வாங்குவதில்லையே.

பெண்களுக்குப் பஸ் இலவசம். படகில் ஏன் இல்லை?

மிகச் சரியான கேள்வி, வலிமையான வாதமும் இதுதான். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். அதற்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு செய்கிறது. தருமபுரி டவுனில் இருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது, வேலைக்கு அக்கரை போக வேண்டிய நாகமரைப் பெண்ணுக்குக் கிடைக்காததற்கு ஒரே காரணம், அவர் ஏறும் வண்டிக்குச் சக்கரம் இல்லை என்பது. திட்டத்தைப் படகுக்கும் நீட்டித்தால் அந்த ஈட்டுத்தொகையே படகுப் போக்குவரத்துக்கு ஒரு நிலையான வருமானம் ஆகிவிடும். மாணவர்களின் இலவச பஸ் பாஸையும் இதேபோல் செல்லுபடியாக்கலாம். புதுத் திட்டமே வேண்டாம், இருக்கிற திட்டத்தின் ஆணையில் ஒரு வரி சேர்ந்தால் போதும்.

நல்ல படகுத்துறை ஒன்று கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீராதா?

கான்கிரீட்டில் கட்டினால் தீராது. அந்தத் துறை ஆண்டில் பாதி நாள் தண்ணீருக்கடியில் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரே இல்லாத மேட்டில் நிற்கும்.

2024 ஜூலை தொடக்கத்தில் அணையின் நீர்மட்டம் 40 அடியை ஒட்டி இருந்தது. கர்நாடக அணைகள் நிரம்பி வெள்ளம் வந்தது; ஜூலை 30-ஆம் தேதி 120 அடி தொட்டுவிட்டது. ஒரே மாதத்தில் 80 அடி உயரம். சரிவான கரையில் இது பல நூறு அடி தூரம். கோடையில் ஒரு காட்சி, ஆடியில் வேறொரு காட்சி. தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் பழைய தேவாலயக் கோபுரம் எட்டிப்பார்க்கும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுக்க வருகிறார்கள். கரைக்காரர்களுக்கோ அந்த நாட்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டும், கைக்குழந்தையோடு வழுக்கும் கரையில் கால் ஊன்ற வேண்டும்.

ஆகவே இங்கே தேவைப்படுவது தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடை. அதைக் கரையோடு இணைக்கப் பலகைப் பாதை வேண்டும், நீட்டிக்கொள்ளவும் மடக்கிக்கொள்ளவும் கூடியதாக. சரிவு நெடுக, மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டம் வரை, கல் பாவிய சாய்தளம் ஒன்று வேண்டும். தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் மேடையை அந்த இடத்துக்கு நகர்த்திக் கட்டிவிடலாம். இதைச் செய்ய நீர்வளத்துறையின் அனுமதியும் ஒத்துழைப்பும் இல்லாமல் முடியாது, ஏனென்றால் நீர்ப்பிடிப்புப் பகுதி அவர்கள் கையில். தண்ணீர் அடியோடு வடிந்து கிடக்கும் கோடைதான் கல் பாவும் வேலைக்கு ஏற்ற காலம். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். டெண்டர், நிதி ஒதுக்கீடு எல்லாம் தை மாசிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பாதுகாப்புக்கு என்ன கட்டாயம்?

நீச்சல் தெரிந்தவர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. இரண்டையும் எல்லோரும் அறிவார்கள், இரண்டும்தான் மீறப்படுகின்றன. 2002-இல் கேரளத்தின் குமரகத்தில் அரசுப் படகே கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் நம் பழவேற்காட்டில் 22 பேர். இரண்டிலும் படகில் அளவை மீறிய கூட்டம்.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, இன்ஜின் பொருத்திய படகுகளுக்குப் பதிவும் தகுதி ஆய்வும் காப்பீடும் வேண்டும் என்கிறது. இன்ஜின் இல்லாத பரிசல் போன்றவற்றைப் பதிவேட்டில் சேர்க்கும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கவும் அதில் வழி உண்டு. நம் கரையில் செய்ய வேண்டிய காரியம் எளியது: படகின் பக்கவாட்டில் ஏற்றக்கூடிய எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் எழுதுவது, பாரக்கோடு ஒன்றைப் பெயிண்டில் போடுவது. கோடு தண்ணீரில் முழுகினால் படகு கிளம்பக் கூடாது. படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த நீர்த்தேக்கத்தில் வெறும் பழமொழி அல்ல. காற்று வேகம் எவ்வளவு போனால் படகை நிறுத்துவது, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அன்றைக்குப் படகோட்டிக்கு வருமானம் போகாது என்பதும் அதில் இருக்க வேண்டும். வருமானம் போகும் என்றால் அவர் எடுக்கத்தான் பார்ப்பார்.

சோலார் படகு இங்கே சரிவருமா?

சரிவரும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவசரப்பட வேண்டாம்.

வைக்கம் என்றதும் நமக்குப் பெரியார் நினைவுக்கு வருவார். அதே வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓடுகிறது. 75 பேர் உட்காரலாம். கொச்சியில் கட்டிய படகு. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிறது. டீசல் படகுக்கு ஆகும் எரிபொருள் செலவில் மிகச் சிறு பங்குதான் இதற்கு மின்சாரச் செலவு. நம் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் அங்கே நீர்மட்டம் ஏறக்குறைய நிலையானது, சார்ஜ் ஏற்றும் இடமும் நிலையானது. இங்கே துறையே நகர்கிறது. அங்கே ஆட்கள் மட்டும் ஏறுகிறார்கள், இங்கே டூவீலரும் ஆடும் நெல் மூட்டையும் ஏற வேண்டும். அதனால் நம் கரைக்கென்றே வடிவமைத்த, அடி தட்டையான, சற்றுச் சிறிய படகு ஒன்றை முதலில் விட்டு, ஒரு கோடையும் ஒரு வெள்ளமும் பார்த்துவிட்டுப் பிறகு கூட்டலாம்.

அரசே நேரடியாக நடத்தினால் என்ன?

தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது அரசு நிறுவனமான பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். ஆனால் அது சுற்றுலாக் கூட்டத்தை நம்பி ஓடுவது. நம்முடையது அன்றாடக் கூலிக்காரர்கள் போகும் வழி. அந்தக் கழகமோ போக்குவரத்துக் கழகமோ படகுகளுக்கு உரிமையாளராக இருந்து, ஓட்டும் வேலையை உள்ளூர்ச் சங்கத்திடம் விடுவது பொருந்தும். படகு அரசுடையது என்றால், ஒப்பந்தக்காரர் மாறினாலும் படகு கரையில் இருக்கும்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

பணக்கார நாடுகளிலும் தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1951-இல் தனியாரிடமிருந்து படகுச் சேவையை வாங்கியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கார் வரி ஒன்று ரத்தானது. படகுகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு போயிற்று. படகுகள் கிழடாயின, புதியவை தாமதமாயின, கொரோனா காலத்தில் ஊழியர் பற்றாக்குறையும் சேர்ந்து 2021 முதல் நடைகளையே குறைத்தார்கள். ஸ்காட்லாந்தில் 2015-இல் ஆர்டர் கொடுத்து 2018-இல் ஓட வேண்டிய 'கிளென் சானக்ஸ்' என்ற கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. அதுவரை தீவுக்காரர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. பழைய படகு விழும்வரை காத்திருந்து புதியதற்கு ஏற்பாடு செய்தால் இதுதான் நடக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2003-இல் வேறு வழியில் போனது. படகுச் சேவையைத் தனி நிறுவனம் ஆக்கி, எந்தத் தடத்தில் எத்தனை நடை என்று அரசு ஒப்பந்தம் போட்டு அதற்குத் தொகை தருகிறது. கட்டணத்துக்கு உச்சவரம்பு வைப்பது சுதந்திரமான ஓர் ஆணையர். அங்கும் கட்டணம் பற்றிய புகார்கள் இல்லாமல் இல்லை. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கிறது. நான் மேலே சொன்ன தலைகீழ் ஏலத்தோடு நெருங்கிய முறை இதுதான்.

ஒகேனக்கல் பரிசலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஆறு ஒன்றுதான், பொருளாதாரம் வேறு. ஒகேனக்கலில் பரிசல் ஓடுவது அருவி பார்க்க வருகிறவர்களுக்காக. அங்கே வருமானம் உண்டு, நிலையில்லை. நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும், அது நியாயமான தடை. ஆனால் தடை நாட்களில் பரிசல் ஓட்டிகள் வீட்டில் அடுப்பு எரிய என்ன வழி? மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது; 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023-இல் அறிவித்தது. வெள்ளத் தடையைச் சந்திக்கும் பரிசல் ஓட்டிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒகேனக்கல் சுற்றுலா வருவாயில் ஒரு பங்கை மாவட்ட அளவில் நீர்ப் போக்குவரத்து நிதியாக ஒதுக்கினால், அந்த நிவாரணத்துக்கும் கீழே நாகமரையில் புதுப் படகு வாங்கவும் அது பயன்படும்.

பாலம் வரப்போகிறது என்கிறார்களே, பிறகு படகு எதற்கு?

பாலம் வரட்டும். நெடுநாள் கோரிக்கை, நானும் வேண்டும் என்கிறவன்தான். ஆனால் 120 அடி நீர்மட்டத்துக்கும் மேலே நிற்க வேண்டிய உயர்மட்டப் பாலம் நினைத்தவுடன் முடியும் வேலையா? முடியும்வரை மக்கள் எதில் போவது? முடிந்த பிறகும் பாலம் ஓரிடத்தில்தான் இருக்கும். அதிலிருந்து தள்ளியிருக்கும் துறைகளுக்குப் படகு வேண்டும். பாலத்தைக் காரணம் காட்டிப் படகுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நாங்கள் என்ன செய்யலாம்?

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். மார்ச் 22 தண்ணீர் நாள், அன்றைக்குப் பேச இதைவிடப் பொருத்தமான விஷயம் இல்லை. இரு கரை ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் கனம் கூடும். இரண்டு மாவட்டம் என்பதால், ஒரு கலெக்டர் மற்றவரைக் கைகாட்டிவிட வாய்ப்பு உண்டு. எனவே தருமபுரி, சேலம் இரு கலெக்டர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரே மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

மனுவுக்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுவது நல்லது. கடந்த ஏலங்களின் தொகை, குத்தகை நிபந்தனைகளின் நகல், அனுமதித்த கட்டணப் பட்டியல், படகுத்துறை வருமானத்தில் படகுத்துறைக்கே செலவிட்ட தொகை, படகுகளின் பதிவு, காப்பீட்டு விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கையில் அந்தக் காகிதங்கள் வந்த பிறகு மனுவை எழுதுங்கள். அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஏலம் முடிந்த பிறகு கொடுத்தால், குத்தகைக் காலம் முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.